பெரிய ரீல் மாட்டியதும் வீச்சு குறைந்துவிட்டது: ராட் கட்டியதில் பிழையா?

கோவளம் கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். சென்ற ஆண்டு வீட்டிலேயே முதன்முதலாக ஒரு மீன்பிடி ராட் கட்டினேன். 9 அடி, இரண்டு துண்டு கிராஃபைட் பிளாங்க் (ராடின் வெறும் தண்டு), 10 முதல் 30 கிராம் வரை வீசலாம். முட்டுக்காடு முகத்துவாரத்தில் கொடுவாவும் காலாவும் பிடிக்கத்தான் கட்டினேன். அப்போது என்னிடம் இருந்தது 2500 அளவு ஸ்பின்னிங் ரீல். இணையத்தில் பார்த்தபடி முதல் மூன்று கைடுகளை (நூல் ஓடும் வளையங்களை) 20, 10, 5.5 மி.மீ. என்று வைத்தேன். அதற்கு மேல் நுனி வரை எல்லாமே 5.5. மைக்ரோவேவ் அடுப்புத் தட்டைச் சுழற்றும் பழைய மோட்டாரில் ராடைச் சுற்றவிட்டு, கைடுக் கட்டுகளின் மேல் பூசிய எபாக்சிப் பிசினைக் காயவைத்தேன். முதல் முயற்சிக்கு நன்றாகவே வந்தது. 20 கிராம் லூர் (செயற்கை இரை) 60 மீட்டருக்குக் குறையாமல் போகும், சிக்கு விழுந்ததே இல்லை.

இந்த ஆண்டு கரையிலிருந்து பாறை மீன் பிடிக்க ஆசைப்பட்டு 5000 அளவு ரீல் வாங்கினேன். 30 பவுண்டு பிரெய்டு (பின்னல் நூல்), அதன் முனையில் கட்ட 50 பவுண்டு லீடர் நூல். அதை இதே ராடில் மாட்டி வீசியதும் எல்லாம் மாறிவிட்டது. வீசும்போது ரீலுக்கும் முதல் கைடுக்கும் நடுவில் 'டப் டப்' என்று நூல் பிளாங்கில் அடிக்கும் சத்தம். தூரம் நன்றாகக் குறைந்துவிட்டது. ஒரே காலையில் மூன்று முறை நடுநூலில் முடிச்சு விழுந்து ஏறத்தாழ 40 மீட்டர் பிரெய்டை வெட்டி எறிந்தேன். ராடில் ரீலை மாட்டும் சீட்டிலும் அது சரியாக உட்காரவில்லை, கடைசி இரண்டு மரைதான் பிடிக்கிறது. பத்து வீச்சுக்கு ஒருமுறை திருகி இறுக்க வேண்டியிருக்கிறது.

கடையில் கேட்டால் ரீலில் ஒரு குறையும் இல்லை என்கிறார்கள். நண்பரின் ராடில் மாட்டிப் பார்த்தேன், அங்கே நன்றாகத்தான் ஓடுகிறது. அப்படியானால் நான் கட்டியதுதான் பிழையா? எல்லாக் கைடுகளையும் பிரிக்க வேண்டுமா, முதல் கைடை மட்டும் மாற்றினால் போதுமா? ஆசையாகக் கட்டிய ராட், வெட்ட மனம் வரவில்லை.

இன்னொரு கேள்வியும் உண்டு. இதே வகை பிளாங்கில் விராலுக்கு ஒரு பெயிட்காஸ்டர் (நூல் உருளையே சுழலும் ரீல்) ராட் கட்டலாமா? அதற்கும் இதே கைடு கணக்குதானா?


முத்துநகர் பட்டறை எழுதியது:

தம்பி, நீங்கள் கட்டியதில் பிழை இல்லை. 2500 ரீலுக்காகக் கட்டினீர்கள், அந்த ரீலுக்கு அது சரியாக இருந்தது. இப்போது வேறு ரீல் வந்திருக்கிறது. ராட் என்பது பிளாங்குக்கு மட்டும் கட்டுவது இல்லை, ரீலுக்கும் சேர்த்துக் கட்டுவது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் என்னைப் பற்றி. தூத்துக்குடியில் கடைசல் பட்டறையில் வேலை பார்த்தவன். அப்பா வள்ளத்தில் போய்க் கைத்தூண்டில் போட்டவர். அவருக்கு ராடும் இல்லை, ரீலும் இல்லை. தங்கூஸை (நைலான் நூலை) கட்டையில் சுற்றி வைத்திருப்பார், விரலில்தான் மீனைப் பார்ப்பார். நான் ராட் கட்டத் தொடங்கிப் பதினோரு வருடம் ஆகிறது. இங்கேயும் பாம்பன் பக்கமும் கரையில் வீசுகிறவர்களுக்குக் கட்டிக்கொடுக்கிறேன். பட்டறையில் கற்ற ஒன்றை இதிலும் விட்டதில்லை: அளக்காமல் எதையும் தொடக்கூடாது.

ஸ்பின்னிங் ரீலில் நூல் சுற்றியிருக்கும் ஸ்பூல் சுழலாது, நின்ற இடத்தில் நிற்கும். நூல் அதன் விளிம்பைத் தாண்டி வளையம் வளையமாகக் கழன்று வரும். 1905-ல் இங்கிலாந்தில் இல்லிங்வொர்த் என்பவர் இந்த வகை ரீலுக்குக் காப்புரிமை வாங்கினார். அவர் நெசவாலைக்காரர். நூல்கண்டிலிருந்து நூல் நுனிப்பக்கமாகக் கழலுவதைப் பார்த்த கண்ணுக்கு அது தோன்றியதில் வியப்பில்லை. அன்று முதல் ராட் கட்டுகிறவனுடைய வேலையே மாறிவிட்டது. சுழன்று சுழன்று அகலமாக வரும் நூலை, நுனிக்குப் போவதற்குள் நேராக்க வேண்டும். முதல் இரண்டு மூன்று கைடுகள் அதற்குத்தான் இருக்கின்றன.

அந்த வளையம் எவ்வளவு அகலம் என்பதை ஸ்பூல்தான் தீர்மானிக்கிறது. 2500 ரீலில் ஸ்பூல் விட்டம் சுமார் 45 மி.மீ. இருக்கும். உங்கள் புதிய ரீலில் 55-க்கு மேல் இருக்கும் என்று நினைக்கிறேன். அந்த அகலத்தில் வரும் வளையத்தை, சின்ன ரீலுக்காகக் கிட்டத்தில் வைத்த 20 கைடு திடீரென்று நெரிக்கிறது. பின்னால் வரும் நூல் கைடின் வாசலில் குவிகிறது. குவிந்த நூல் பிளாங்கில் அடிக்கிறது, அந்த 'டப் டப்' அதுதான். குவிந்ததில் ஒரு வளையம் இன்னொன்றைத் தாண்டி உள்ளே போனால் முடிச்சு. நீங்கள் சொன்ன மூன்று தொல்லைக்கும் வேர் ஒன்றுதான்.

ரீலின் கழுத்தையும் பாருங்கள். பெரிய ரீலில், சீட்டில் உட்காரும் பாதத்திலிருந்து ஸ்பூல் நடு வரை உள்ள தூரம் அதிகம். நூல் பிளாங்கைவிட்டு அதிகம் தள்ளிப் புறப்படுகிறது. அதற்கு ஏற்ற உயரம் முதல் கைடின் சட்டத்தில் இல்லாவிட்டால் நூல் பிளாங்கை நோக்கி இழுபடும், பிளாங்கைத் தொட்டுக்கொண்டே போகும். வளையத்தின் விட்டத்தை மட்டும் பார்த்துக் கைடு வாங்குகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். உயரச் சட்டம் உள்ள 25, தாழ்ந்த சட்டம் உள்ள 40-ஐவிட நன்றாக வேலை செய்வதைப் பல தடவை பார்த்திருக்கிறேன்.

இனிக் கணக்கு. பழைய காலத்தில் ஸ்பூலிலிருந்து நுனி வரை ஒரு நீண்ட கூம்பு வரைந்து, 40, 30, 20, 16, 12 என்று படிப்படியாகக் குறைப்பார்கள். ராட் முழுக்க உலோகம் ஏறி நுனி கனத்துவிடும். ஜப்பானின் ஃபூஜி நிறுவனம் வேறு வழி சொன்னது: நூலைச் சீக்கிரம் அடக்கிவிடு, அடக்கிய பிறகு நுனி வரை சின்ன கைடு போதும். அடக்கும் அந்தக் கடைசிக் கைடு எங்கே வர வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கும் உண்டு. ஸ்பூல் விட்டத்தை 27-ஆல் பெருக்குங்கள். ஸ்பூலின் முன்விளிம்பிலிருந்து அத்தனை மில்லிமீட்டர் தள்ளி அந்தக் கைடு. 45 மி.மீ. ஸ்பூலுக்கு 1215. 57 மி.மீ. என்றால் 1539. பாருங்கள், ஒரே ராடில் 32 சென்டிமீட்டர் தள்ளிப்போகிறது! சின்ன விஷயம் இல்லை.

நான் இதோடு இன்னொன்றும் செய்து பார்ப்பேன். ஸ்பின்னிங் ரீலில் ஸ்பூலைத் தாங்கும் ஷாஃப்ட் பெரும்பாலும் ராடுக்கு இணையாக இருக்காது, முன்பக்கம் பிளாங்கை நோக்கிச் சற்றே சாய்ந்திருக்கும். ஸ்பூலைக் கழற்றிவிட்டு, ஷாஃப்டின் மேல் நேரான மெல்லிய அலுமினியக் குழாய் ஒன்றைச் செருகுங்கள். அந்தக் குழாய் முன்னால் போய்ப் பிளாங்கைத் தொடும் இடம்தான், அந்த ரீல் நூலைக் குறிபார்த்து அனுப்பும் இடம். 27 கணக்கும் இந்த இடமும் ஐந்தாறு சென்டிமீட்டருக்குள் ஒத்துவந்தால் எனக்கு நிம்மதி. ஒத்துவராவிட்டால் ஷாஃப்ட் சொல்வதையே நான் நம்புவேன். சாய்வே இல்லாத ரீலில் குழாய் எங்கும் தொடாது, அப்போது 27-தான் கதி.

இதெல்லாம் தொடங்கும் இடம்தான். முடிவு கடற்கரையில். கைடுகளை மாஸ்கிங் டேப்பால் ஒட்டி, வீசிப் பார்த்து, தள்ளி வைத்து, மறுபடி வீச வேண்டும். கைடுகளை நூல் சுற்றிக் கட்டுவது அதற்குப் பிறகுதான்.

ஒன்று சொல்ல வேண்டும். நான் கட்டத் தொடங்கிய இரண்டாம் வருடம், ஒருவர் ரீலின் எண்ணை மட்டும் ஃபோனில் சொன்னார், 4000 என்று. என்னிடம் இருந்த 4000-ஐ வைத்து முழு ராடும் கட்டி முடித்தேன். அவர் கொண்டுவந்தது வேறு நிறுவனத்தின் 4000. ஸ்பூலும் வேறு, கழுத்தும் வேறு. அன்று ராத்திரியே உட்கார்ந்து முதல் மூன்று கைடுகளையும் பிரித்தேன். எண் ஒன்றாக இருப்பதால் அளவு ஒன்றாகிவிடாது. டைவா நிறுவனம் 2018-ல் எல்டி என்ற ரீல் வரிசையைக் கொண்டுவந்தபோது எண்ணுக்கும் உடல் அளவுக்கும் இருந்த பழைய உறவையே மாற்றிவிட்டது. பழைய 3000 உடலுக்குப் பக்கத்தில் வருவது இப்போது அவர்களுடைய 4000. அன்றிலிருந்து ரீல் என் மேசைக்கு வராமல் நான் ஒரு கைடைக்கூடச் சுற்றுவதில்லை. வெர்னியர் அளவுகோல் வைத்து ஸ்பூல் விளிம்பை அளப்பேன், பாதத்தின் நீளத்தையும் தடிமனையும் அளப்பேன், எழுதி வைப்பேன்.

சீட் பற்றி. உங்கள் சீட்டின் அளவு 16 அல்லது 17 ஆக இருக்கும். பெரிய ரீலின் பாதம் நீளமும் தடிப்பும் கூட. அதனால்தான் கடைசி இரண்டு மரையில் நிற்கிறது. பெரிய மீன் இழுக்கும்போது அது கழன்றால் ரீல் கடலுக்குள் போகும். தயவுசெய்து பாதத்தை அரம் போட்டுத் தேய்க்காதீர்கள். பூச்சு போய்விட்டால் உப்பு உள்ளே இறங்கும், பாதம் வெடிக்கும். அதற்கு வழி வேறு, பிறகு சொல்கிறேன்.

முதலில் அளவு வேண்டும். இரண்டு ரீலுக்கும் ஸ்பூல் விட்டம், பிளாங்கிலிருந்து ஸ்பூல் நடு வரை உள்ள உயரம், எடை, குழாய் தொடும் இடம். ராடில் ஒவ்வொரு கைடும் அடிமுனையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர், துண்டுகள் சேரும் இணைப்பு எங்கே. அப்புறம் பழைய ரீலில் என்ன நூல் இருந்தது? அதையும் சொல்லுங்கள்.


கோவளம் கரை எழுதியது:

அண்ணா, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு மிக்க நன்றி. நேற்று இரவே அளந்துவிட்டேன்.

பழைய ரீல்: ஸ்பூல் 45 மி.மீ., நடு உயரம் 60 மி.மீ., எடை 215 கிராம், நூல் 15 பவுண்டு பிரெய்டு. குழாய் பிளாங்கைத் தொட்டது அடியிலிருந்து 172 செ.மீ.-ல்.

புதிய ரீல்: ஸ்பூல் 57 மி.மீ., நடு உயரம் 72 மி.மீ., எடை 430 கிராம். குழாய் தொட்டது 214-ல்.

ராட் மொத்தம் 274 செ.மீ. ரீல் மாட்டினால் ஸ்பூலின் முன்விளிம்பு அடியிலிருந்து 55-ல் வருகிறது. முதல் மூன்று கைடுகள் 113, 150, 176. இணைப்பு 137-ல். சீட் 16 தான், சரியாகச் சொன்னீர்கள்.

உங்கள் கணக்குப்படி பழைய ரீலுக்கு 55-ம் 121-ம் சேர்த்து 176. நான் வைத்த இடமும் 176! அப்போது யாரோ போட்ட படத்தைப் பார்த்து வைத்தது, ஏன் என்று தெரியாமலே சரியாக வந்திருக்கிறது. புதிய ரீலுக்கு 209 வர வேண்டும். இப்போதுதான் எனக்கு விஷயம் விளங்குகிறது.


செங்கை விரால் எழுதியது:

பட்டறை அண்ணன் ஸ்பின்னிங் பக்கத்தைப் பார்த்துக்கொள்கிறார். பெயிட்காஸ்டர் கேள்விக்கு நான் வருகிறேன். எனக்கு ஏரியும் விராலும்தான் உலகம். இதுவரை ஆறு ராட் கட்டியிருக்கிறேன், ஆறுமே பெயிட்காஸ்டருக்கு.

இதில் கதை அடியோடு வேறு. ஸ்பூலே சுழல்வதால் நூல் நேராக வருகிறது, வளையம் இல்லை. அதனால் பெரிய கைடு தேவையே இல்லை. முதல் கைடு 8 அல்லது 10, மற்றவை 5.5 அல்லது 6 போதும். 27 கணக்கை இங்கே மறந்துவிடலாம்.

ஆனால் ரீல் ராடின் மேலே உட்காருகிறது, கைடுகளும் மேலே. மீன் இழுத்து ராட் வளையும்போது, இரண்டு கைடுகளுக்கு நடுவில் நூல் நேர்கோட்டில் போகப் பார்க்கும், பிளாங்க் வளைந்து கீழே இறங்கும். இடைவெளி அதிகம் என்றால் நூல் பிளாங்கின் மேலேயே உரசும், அதையும் தாண்டிப் பக்கவாட்டில் இறங்கும். அதனால் ஸ்பின்னிங் ராடைவிட ஒன்றிரண்டு கைடு கூடுதலாக வேண்டும். நான் செய்வது இதுதான்: கைடுகளை டேப்பில் ஒட்டி, நூலைக் கோத்து, நுனியைச் சுவரில் உள்ள கொக்கியில் கட்டி, மீன் இழுப்பது போல வளைத்து நிறுத்துவேன். பிறகு ஒரு பக்கமாக நின்று பார்ப்பேன். நூல் எங்கே பிளாங்கைத் தொடுகிறதோ அங்கே கைடைக் கொஞ்சம் நகர்த்துவேன். ஒரு ராடுக்கு இதிலேயே ஒரு மணி நேரம் போகும். அந்த ஒரு மணி நேரத்தை நான் குறைத்துக்கொண்டதே இல்லை.

முதல் கைடு எங்கே என்பதையும் ரீல்தான் சொல்கிறது. ரீலின் முன்னால் நூலை இடவலமாக நகர்த்தும் லெவல்வைண்ட் இருக்கிறதல்லவா? அது ஓரத்தில் நிற்கும்போது நூல் கோணலாகக் கைடுக்குப் போகிறது. கைடு கிட்டத்தில் இருந்தால் கோணம் கூடும், உரசல் கூடும், வீச்சு குறையும். அதனால் 45 முதல் 55 செ.மீ. வரை தள்ளி வைக்கிறோம். டைவாவின் டி-விங் ரீல்களில் வீசும்போது நூல் அகலமான வாய் வழியாகப் போகிறது, ஓரக் கோணல் குறைவு. அந்த ரீலுக்கு 45-லேயே வைத்திருக்கிறேன், வீச்சில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. உருண்டை வடிவ ரீல் என்றால் நூல் உயரத்திலிருந்து புறப்படும், முதல் கைடும் உயரமாக வேண்டும். தாழ்ந்த உடம்பு ரீலுக்கு அது தேவையில்லை.

எனக்குப் பிடித்தது சுருள் கட்டு. முதல் கைடு மேலே இருக்கும். அடுத்தது கொஞ்சம் பக்கவாட்டில், அதற்கு அடுத்தது இன்னும் கீழே, நான்காவதிலிருந்து நுனி வரை எல்லாமே ராடின் அடிப்பக்கம். இப்படிக் கட்டினால் மீன் இழுக்கும்போது ராட் கையில் முறுக்கிக்கொள்ளாது. மேலே கைடு வைத்த ராட் எப்போதும் புரண்டு கீழே வரப் பார்க்கும், மணிக்கட்டு அதைத் தடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பார்க்கிறவர்கள் கோணலாகக் கட்டியிருக்கிறதே என்று கேட்பார்கள், கேட்கட்டும். ஒரு நாள் முழுக்க வீசிவிட்டு வரும்போது என் மணிக்கட்டு வலிக்கவில்லை.

உங்கள் 9 அடி பிளாங்க் தவளை லூருக்கு வேண்டாம். கோரைக்குள்ளிருந்து விராலை ஒரே இழுப்பில் வெளியே எடுக்க வேண்டும். 7 அடி, அடிப்பகுதி விறைப்பாக உள்ள பிளாங்க், விரல் பிடி உள்ள சீட், 50 பவுண்டு பிரெய்டு. அதற்குத் தனியாகக் கட்டுங்கள்.


பிரிஸ்பேன் கடலோரம் எழுதியது:

வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்போது பிரிஸ்பேனில் இருக்கிறேன். நீங்கள் பேசுகிற விஷயத்துக்கு எங்கள் ஊரில் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

ஆல்வி ரீல் இந்த ஊரிலே 1920-ல் தொடங்கினது. பெரிய தட்டுப் போல ஒரு சக்கரம், 650 என்கிறதுக்கு விட்டம் ஆறரை அங்குலம். சுற்றும்போது சாதாரணச் சக்கரம் போல ராடுக்கு நேராக நிற்கும். வீச வேண்டும் என்றால் அப்படியே பக்கவாட்டில் திருப்ப வேண்டும், அப்ப நூல் ஸ்பின்னிங் ரீல் போல விளிம்பாலே கழன்று போகும். உள்ளே பல்சக்கரம் ஒன்றும் இல்லை. ஒரு சுற்றுக்கு ஒரு சுற்று, அந்த ஒரு சுற்றிலேயே ஏறத்தாழ அரை மீட்டர் தங்கூசி வந்துவிடும். மணல், உப்பு, அலை எதுக்கும் அது அசையாது.

இந்த ரீலை வழமையான கரை ராடிலே போட்டால் ஒன்றும் சரிவராது. இதுக்கு ராட் கட்டுகிறவர்கள் ரீலை அடிமுனைக்குக் கிட்ட, ஒரு சாண் கூட இல்லாத தூரத்திலே வைப்பார்கள். ஏனென்றால் ஒரு கை ரீலோடு அடியிலே நிற்கும், மற்றக் கை மேலே நூலைப் பிடித்துக்கொண்டு வீசும். அவ்வளவு அகலமான வளையம் வருகிறபடியால் முதல் கைடும் பெரிசு, ரீலிலே இருந்து அது நிற்கிற தூரமும் பெரிசு. 12 அடி ராடிலே ரீல் கீழே, கைடு எங்கேயோ மேலே, நடுவிலே வெறும் பிளாங்க். நான் முதல் பார்த்தபோது கைடு ஒன்று கழன்று விழுந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

பக்கவாட்டிலே கழலுகிறதாலே நூலிலே முறுக்கு ஏறும். அதனால் ஸ்விவல் (நூல் முறுக்காமல் சுழலும் இணைப்பு) இல்லாமல் யாரும் போட மாட்டார்கள். தங்கூசிதான் இதுக்கு நல்லது, பிரெய்டு சிக்கலாகும்.

பட்டறை அண்ணை சொன்னது போல ராடைப் பார்த்தாலே எந்த ரீலுக்குக் கட்டினது என்று சொல்லலாம். இங்கே பழைய சாமான் சந்தையிலே அடியோடு சீட் வைத்த ராட் கிடந்தால், தூரத்திலிருந்தே அது ஆல்வி ராட் என்று தெரியும்.


முத்துநகர் பட்டறை எழுதியது:

பிரிஸ்பேன் நண்பருக்கு நன்றி. அந்த ரீலைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். ரீல் அடிமுனைக்குப் போனதும் கைப்பிடி முழுவதுமே மாறுகிறது என்பதை நீங்கள் சொன்ன பிறகுதான் யோசித்தேன்.

தம்பி, உங்கள் அளவு அருமையாக இருக்கிறது. 27 கணக்கு 209, குழாய் 214. நன்றாக ஒத்துவருகிறது. நான் 210-ல் தொடங்கச் சொல்வேன்.

நுனிப் பகுதிக் கைடுகளில் கைவைக்க வேண்டாம். முதல் மூன்றைப் பிரியுங்கள். அவற்றுக்குப் பதில் உயரச் சட்டத்தில் 30, 16, 10. இடம்: 126, 172, 210. முதல் கைடு இணைப்புக்கு 11 செ.மீ. கீழே நின்றுவிடும், இணைப்பின் மேல் எதுவும் வராது. இப்போது 176-க்கும் 210-க்கும் நடுவில் இருக்கும் 5.5 கைடுகள் வழியில் நிற்கும், அவற்றையும் எடுக்க வேண்டும். 210-க்கு மேலே இருப்பவை அப்படியே இருக்கட்டும். இதை முதலில் டேப் ஒட்டிப் பாருங்கள், 30-ஐ ஐந்து ஐந்து சென்டிமீட்டராக முன்னும் பின்னும் நகர்த்தி வீசுங்கள். சத்தம் நிற்கும் இடம் கிடைக்கும்.

பிரிக்கும்போது ஒன்றை மறக்கவே கூடாது. பிளேடு பிளாங்கைத் தொடக்கூடாது. கைடின் பாதத்துக்கு நேர் மேலே, உலோகத்தின் மேல் வைத்து நீளவாக்கில் எபாக்சியைச் சீவுங்கள். பிறகு முடி உலர்த்தும் கருவியால் இளஞ்சூடு காட்டினால் நூலோடு சேர்ந்து உரிந்து வரும். அதிகச் சூடு வேண்டாம், பிளாங்கில் உள்ள பிசினும் இளகும். கிராஃபைட்டில் ஒரு சின்னக் கீறல் விழுந்தாலும் அடுத்த பெரிய மீனில் அந்த இடத்தில்தான் ஒடியும்.

உங்கள் லீடர் முடிச்சு 5.5 கைடுகளில் தட்டும், 50 பவுண்டு லீடருக்கு அது சின்னது. அதற்காக நுனி முழுவதையும் பிரிப்பதைவிட, லீடரைக் குட்டையாகக் கட்டுங்கள். வீசும்போது முடிச்சு நுனிக்கு வெளியே தொங்க வேண்டும். அடுத்து கட்டும் ராடில் 8 வையுங்கள்.

இன்னொன்றையும் நேராகச் சொல்லிவிடுகிறேன். தூரம் முழுவதும் திரும்பி வராது. முன்பு 15 பவுண்டு, இப்போது 30 பவுண்டு. தடித்த நூல் காற்றில் அதிகம் தடுக்கும். அதோடு ஸ்பூலில் நூல் விளிம்புக்கு 2 மி.மீ. கீழே வரை நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் 40 மீட்டர் வெட்டி எறிந்திருக்கிறீர்கள். நூல் குறைந்து விளிம்பு உயர்ந்துவிட்டால் அதுவும் உரசும்.

சீட்டுக்கு வருவோம். 16-ஐ எடுத்துவிட்டு 18 அல்லது 20 போட வேண்டும். அதற்கு முன்பக்கக் கைப்பிடியை வெட்ட வேண்டியிருக்கும், மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள், கார்க் திரும்ப வாங்கலாம். வாங்கும் முன் ரீலைக் கடைக்குக் கொண்டுபோய்ப் பாதத்தைச் சீட்டில் வைத்து, பாதி மரைக்கு மேல் பிடிக்கிறதா என்று பாருங்கள். சீட்டுக்கும் பிளாங்குக்கும் உள்ள இடைவெளியை மாஸ்கிங் டேப் மட்டும் சுற்றி நிரப்பாதீர்கள், நாளடைவில் நீர் இறங்கிச் சீட் ஆடும். அதற்கென்று உள்ள நுரை வளையங்களை வாங்கி எபாக்சியில் ஒட்டுங்கள். ஒட்டுவதற்கு முன் ரீலை டேப்பால் கட்டி, நூலும் லூரும் போட்டுக் கையில் பிடியுங்கள். 430 கிராம் ரீலுக்கு ராட் சாயும் இடம் வேறு. பழைய இடமே சரி என்று எண்ண வேண்டாம். உங்கள் கைக்கு எங்கே நிற்கிறதோ அங்கே ஒட்டுங்கள்.


கோவளம் கரை எழுதியது:

அண்ணா, மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். கைடுகள் வர நாளாகிவிட்டது.

போன ஞாயிறு விடியற்காலை டேப்பும் அளவு நாடாவுமாகப் போனேன். காற்று அதிகம் இல்லை. எல்லா வீச்சும் அதே 20 கிராம் ஈயம், ஒவ்வொரு நிலைக்கும் ஐந்து வீச்சு. பழைய கைடுகளோடு பெரிய ரீல் சராசரி 46 மீட்டர். முதல் கைடு 126-ல் வைத்ததும் 55. ஆனாலும் லேசாகச் சத்தம் கேட்டது. 131-க்கு நகர்த்தினேன், சத்தம் நின்றுவிட்டது, 58 மீட்டர். இணைப்பு அருகில் வருவதால் அதற்கு மேல் தள்ளவில்லை. ஒரு வித்தியாசத்துக்காகப் பழைய 15 பவுண்டு நூலை ஒரு உதிரி ஸ்பூலில் சுற்றிப் பெரிய ரீலில் போட்டுப் பார்த்தேன்: 63. நீங்கள் சொன்னபடியே மிச்சக் குறை நூலின் தடிமனில்தான் இருந்திருக்கிறது.

பிரெய்டு விளிம்பிலிருந்து 5 மி.மீ. இறங்கியிருந்தது. அடியில் பழைய தங்கூஸ் சுற்றி நிரப்பிவிட்டேன்.

சீட் 18 ஒட்டியாயிற்று. கையில் பிடித்துப் பார்த்ததில் பழைய இடத்தைவிட 4 செ.மீ. மேலே வைத்தால்தான் நன்றாக இருந்தது. அதனால் ஸ்பூலும் 4 செ.மீ. முன்னால் போகிறது. கைடுகளையும் அதே அளவு தள்ள வேண்டுமா? முதல் கைடு 135-க்குப் போனால் இணைப்பில் இடிக்குமே.


முத்துநகர் பட்டறை எழுதியது:

மிக நன்றாகச் செய்திருக்கிறீர்கள் தம்பி. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி அளந்தீர்களே, அது எனக்கு ரொம்பப் பிடித்தது.

கணக்குப்படி எல்லாமே 4 செ.மீ. தள்ள வேண்டும். முதல் கைடை மட்டும் 131-லேயே விடுங்கள். இணைப்பின் வாய்க்கு நூல் கட்டு எப்படியும் போட வேண்டும், அதற்கு இடம் வேண்டும். இரண்டாவதை 176-க்கும் மூன்றாவதை 214-க்கும் கொண்டுபோங்கள். 30 வளையத்தில் அந்த 4 செ.மீ. தாங்கும் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் டேப்பில் இன்னொரு காலை வீசிவிட்டு முடிவு செய்யுங்கள். லேசாகச் சத்தம் வந்தால் சீட்டைத் தொடாமல், 30-ஐக் கழற்றி இணைப்புக்கு மேலே 143-ல் வைத்துப் பாருங்கள். அப்போது இரண்டாவதும் கொஞ்சம் மேலே போக வேண்டியிருக்கும்.

எபாக்சி பூசும் நாளில் மழை இருந்தால் தள்ளிப்போடுங்கள், ஈரக்காற்றில் மேற்பரப்பு மங்கிவிடும். மோட்டாரில் குறைந்தது ஆறு மணி நேரம் சுற்றட்டும். தொட்டால் காய்ந்தது போல இருக்கும், இருந்தாலும் ஒரு வாரம் கழித்து மீனுக்குக் கொண்டுபோங்கள்.